பதிலுக்குப் பதில்

அம்மாவின் மாத்திரைகளை அக்கா குப்பைத்தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் டாக்சி வந்து நின்றது. சின்னவள் வந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். அக்கா திரும்பவில்லை. கூடத்தில் குளிர்பெட்டிக்குள் அம்மா முந்தாநாளிலிருந்து கிடந்தாள்.

தங்கை கல்யாணமாகிப் போன நாட்டிலேயே குடியுரிமை வாங்கிக்கொண்டவள். வம்பை முதலில் ஆரம்பித்தது அந்த நாடுதான். அவள் பிரசவத்துக்குப் போக அம்மாவும் அக்காவும் விசா கேட்டு நின்றபோது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் பாஸ்போர்ட்டுகளைத் தள்ளிவிட்டான். இங்கே அரசாங்கத்தில் இருப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. நம்மவர்களுக்கு அங்கே என்ன கதியோ, அதே கதிதான் அவர்களுக்கும் இங்கே என்று அறிவித்தார்கள். செய்தியைக் கேட்டு, நல்லா வேணும் என்றாள் அக்கா. அம்மா டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

பிறகு அம்மா படுத்த படுக்கையானாள். பீ மூத்திரம் அள்ளியது, முதுகுப் புண்ணைக் கழுவியது எல்லாம் அக்காதான். சின்னவள் எப்ப வர்றா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். விசா கொடுக்க மாட்டேன் என்கிறார்கள் என்று போனில் தங்கை அழுததை அவள் நம்பவேயில்லை. வர மனசில்லாதவளுக்கு அது ஒரு சாக்கு.

தங்கை உள்ளே வந்து குளிர்பெட்டியின் கால்மாட்டில் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பின்னாலேயே வந்த போலீஸ்காரர், போகும் வழியில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும், நாளைக்கே கிளம்பிவிட வேண்டும் என்றார். அவங்க ஊரில் நம்ம ஆட்களை இதைவிடக் கேவலமாக நடத்துகிறார்கள் என்று மாமா எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"உயிரோட இருந்தப்ப கிடைக்காத விசா, செத்ததும் மட்டும் எப்படிடி கிடைச்சுது?"

தங்கை நிமிரவில்லை. "டாக்டர் சர்டிபிகேட்டோட அங்க இருக்கிற நம்ம தூதரகத்துக்கு எத்தனை தடவை போனேன் தெரியுமா? உடம்பு முடியலைன்னா உங்க நாட்டுல எங்க ஆளுங்களை விடுறதில்ல, நாங்க மட்டும் ஏன் விடணும்னாங்க. சாவுன்னா பார்க்கலாம்னாங்க. முந்தாநாளே நீ இறப்புச் சான்றிதழ் அனுப்பினியே, அதைக் காட்டினேன். உடனே முத்திரை குத்திக் குடுத்துட்டாங்க."



அம்மாவைக் கொண்டுபோக வண்டி வந்தது. தூக்க ஆட்கள் உள்ளே நுழைந்தார்கள். போலீஸ்காரர் தங்கையை எழுந்திருக்கச் சொன்னார். எழுந்தவள் தடுமாறிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். நேர் விமானத்தையும் இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டிருந்ததால் எங்கெங்கோ சுற்றி வந்திருந்தாள். பாதங்கள் வீங்கி, செருப்பின் வார் சதைக்குள் பதிந்திருந்தது.

"உக்காரு. காலைக் காட்டு" என்றாள் அக்கா, கடுப்பு மாறாமல்.

கீழே குந்தி வாரைப் பிடித்து இழுத்தாள். கொக்கி அசையவில்லை. நேரமாகிறது என்று மாமா வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

"இருங்கன்னு சொல்றேன்ல" என்றவள், பாதத்தைத் தன் மடிமேல் தூக்கி வைத்துக்கொண்டு நகத்தால் கொக்கியை நெம்பினாள்.