மை கழுவிய பாதம்

பச்சிளங் குழந்தைகள் வார்டில் அந்த நர்ஸுக்கு வைத்திருந்த பெயர் அலாரம் சிஸ்டர். வேலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அவள் ஊசி போட்டால், குழந்தை அழலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். அந்தக் கைக்கு இதைவிட நல்ல பட்டப்பெயர் கிடைத்திருக்க வேண்டும். போன மாதம் அடித்த கூத்தில் அதெல்லாம் காற்றில் போய்விட்டது.

அந்த வார்டில் வீட்டுக்குக் கிளம்பும் குழந்தையின் பாதத்தை மையில் ஒற்றி, அட்டையில் பதித்துப் பெற்றோருக்குக் கொடுப்பார்கள். போன மாதம் ஒரு குழந்தையின் காலில் கருவியை மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்த்தபோது, எழுபத்தொன்பது என்றது. அவள் போட்ட கூச்சலில் டாக்டர் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். குழந்தை சாவகாசமாகக் கொட்டாவி விட்டது. டாக்டர் அதன் காலைத் திருப்பிப் பார்த்தார். குதிகாலிலிருந்து விரலிடுக்குவரை கருநீல மை. கருவியின் வெளிச்சம் மையைத் தாண்ட முடியாமல் வாய்க்கு வந்ததை உளறியிருக்கிறது. அன்றைக்கு விழுந்த பெயர். அவளே ஒரு தடவை போனை எடுத்து, "அலாரம் பேசறேன்" என்று சொல்லித் தொலைத்திருக்கிறாள்.

இன்றைக்குக் காலை பத்து மணி. மூன்றாம் கட்டில். ஆண் குழந்தை, பிறந்து முப்பது மணி நேரம். அப்பா லாரி டிரைவர். பை கட்டியாகிவிட்டது. டிஸ்சார்ஜ் தாளில் டாக்டர் கையெழுத்தும் போட்டுவிட்டார். பாக்கி இருந்தது அவளுடைய கடைசி ஆக்சிஜன் சோதனை மட்டும்தான்: வலது கையில் ஒரு தடவை, காலில் ஒரு தடவை.

கை தொண்ணூற்றெட்டு என்றது. தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாத கால் எண்பத்தொன்பது என்றது.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஆயாம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன சிஸ்டர், மறுபடியும் ஆரம்பிச்சாச்சா? நான் இப்பதான் அந்தக் கால்ல மை ஒத்தினேன்."

மை என்றதும் அவளுக்குப் பெரிய நிம்மதி. இத்தனை ஆசையாக அவள் எந்த அழுக்கையும் பார்த்ததில்லை. எண்ணெய்ப் பஞ்சால் துடைத்தாள், வெந்நீரில் கழுவினாள், மறுபடி மாட்டினாள். எண்பத்தொன்பது. மை படாத மற்றக் காலில் மாட்டினாள். எண்பத்தெட்டு. கருவிக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று தன் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றொன்பது. கால் சில்லென்று இருப்பதாலோ என்று இரண்டு பாதங்களையும் உள்ளங்கையில் பொத்தி ஐந்து நிமிஷம் உட்கார்ந்தாள். எண்பத்தெட்டு.

குழந்தையின் கையில் நாடி துடிப்பாக இருந்தது. தொடையிடுக்கில் விரல் வைத்தாள். நாடி இருந்ததா, இல்லை இருக்க வேண்டுமே என்ற அவள் ஆசை துடித்ததா, சொல்ல முடியவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் கீழே புறநோயாளிகள் கூட்டத்தில் இருந்தார்.

"மை துடைச்சீங்களா சிஸ்டர்?"

"துடைச்சாச்சு சார். மை படாத கால்லயும் பாத்தாச்சு."

"பால் குடிக்குதா?"

"நல்லா குடிக்குது சார்."

"அப்புறம் என்ன? கால் ஜில்லுன்னு இருக்கும். அனுப்பிடுங்க." போன் வைக்கப்பட்டது.

குழந்தையின் மணிக்கட்டில் கட்டிய பட்டையை வார்டு நர்ஸ் வெட்டிக் கொடுத்தால்தான் வாசல் காவலர் வெளியே விடுவார். அவள் கத்தரிக்கோலை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது வேலையை இழக்கும் வழி என்று தெரியும். அலாரம் என்ற பெயரோடு வேறு எங்கே வேலை கேட்பது என்றும் ஒரு கணம் யோசித்தாள். கத்தரிக்கோல் பைக்குள்ளேயே இருந்தது.

"பட்டையை வெட்டுங்க சிஸ்டர், கிளம்பணும்" என்றார் லாரிக்காரர். "லோடு ஏத்திட்டு நிக்குது வண்டி."

"நிக்கட்டும் அண்ணா. கொஞ்சம் உக்காருங்க. வயித்துக்குள்ள குழந்தை மூச்சு விடாது, தெரியுமில்ல?"

"அது எப்படி விடும்?"

"அம்மாகிட்டேர்ந்து கொடி வழியாவே எல்லாம் வந்துடும். நுரையீரல் அதுவரைக்கும் திறப்பு விழா ஆகாத ஊரு. ரத்தம் அந்த ஊருக்குள்ள போயி என்ன பண்ணும்? அதுக்குன்னு ஒரு பைபாஸ் இருக்கும், சின்னக் குழாய். ஊரைத் தொடாம நேரா உடம்புக்குப் போயிடும். பொறந்து முதல் அழுகை அழுதுச்சுன்னா ஊரு திறந்துடும். கொடியையும் வெட்டிடறோம். அப்புறம் பைபாஸ் தேவையில்ல. ரெண்டு மூணு நாள்ல தானா மூடிக்கும்."

"நல்லதுதானே?"

"எல்லாக் குழந்தைக்கும் நல்லது. ஆனா இவனுக்கு, இதயத்துலேர்ந்து காலுக்குப் போற மெயின் ரோடே அடைபட்டிருக்கலாம்னு பயப்படறேன். அப்படி இருந்தா காலுக்கு ரத்தம் அந்த பைபாஸ்லதான் போயிட்டிருக்கு. ஆக்சிஜன் ஏறாத ரத்தம். அதான் கால்ல எண் கம்மி."

கட்டிலில் இருந்த அம்மா குழந்தையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். லாரிக்காரர் விரலில் சுழற்றிக்கொண்டிருந்த சாவி நின்றது.

"அதுவும் மூடிடுச்சுன்னா?"

"வீட்டுல இருக்கும்போது மூடும். அப்புறம் இங்க வர நேரம் இருக்காது."

"டாக்டரைக் கூப்பிடுங்க."

"கூப்பிட்டேன். நான் கூப்பிட்டா வரமாட்டார்." வேறு வழியில்லாமல் மை கதையைச் சொன்னாள். ஒற்றைச் செருப்பையும் விடவில்லை. மறைத்து வைத்தால் பிறகு ஆயாம்மா இன்னும் நன்றாகச் சொல்லுவாள்.

லாரிக்காரர் சிரிக்கவில்லை. "ஒரு தடவை டயர் வெடிச்சுதுன்னு நடுரோட்டுல நிறுத்தினேன். பாத்தா பின்னாடி வந்தவன் டயர். அரை கிலோமீட்டருக்கு வண்டி நின்னு எல்லாரும் திட்டினாங்க. அதுக்காக அடுத்த சத்தத்துக்கு இறங்காமப் போவேனா? நான் எங்கயும் போகல. நீங்க போயி அவரை இழுத்துட்டு வாங்க."

அவள் ஒரு தாளில் குழந்தையின் ஐந்து அளவுகளையும் நேரத்தோடு எழுதி எடுத்துக்கொண்டு இறங்கினாள். டாக்டர் அறை வாசலில் முப்பது அம்மாக்கள். வரிசையை மீறியதற்கு வாங்கிய வசவு ஒரு வாரத்துக்குப் போதும். உள்ளே போய்த் தாளை மேஜையில் வைத்தாள்.

"சார், நான்தான் அலாரம். வந்து தொடையிடுக்குல கை வச்சுப் பாருங்க. நாடி இருந்துச்சுன்னா, எல்லாருக்கும் முன்னாடி என்னைத் திட்டுங்க. நானே ஆள் கூட்டித் தர்றேன்."

டாக்டர் தாளைப் பார்த்தார். மை படாத கால் என்று எழுதி அடிக்கோடிட்டிருந்த இடத்தில் அவர் பார்வை நின்றது. எழுந்தார்.

மூன்றாம் கட்டிலில் குனிந்து தொடையிடுக்கில் ஒரு நிமிஷம் விரலால் தேடியும் அவருக்கு நாடி கிடைக்கவில்லை. பிறகு இதயத்தை ஸ்கேன் திரையில் பார்த்தார். "பெரிய குழாய்ல அடைப்பு. சின்னக் குழாயும் சுருங்க ஆரம்பிச்சிடுச்சு" என்றார். பைபாஸை மூடவிடாமல் வைத்திருக்கும் மருந்து குளிர்பெட்டியில் இருந்தது. அவள் ஊசியைச் செருகினாள். குழந்தைக்கு வழக்கம்போல் யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. மதியத்துக்குள் இதய ஆஸ்பத்திரி வண்டி வந்தது. லாரிக்காரர் லோடை வேறு யாரிடமோ ஒப்படைத்துவிட்டு ஏறினார். டாக்டர் டிஸ்சார்ஜ் தாளைத் தன் கையாலேயே கிழித்துப் போட்டார்.

பன்னிரண்டாம் நாள் வார்டு போன் அடித்தது. அவள் எடுத்தாள்.

"சிஸ்டர், மூணாம் கட்டில் அப்பா பேசறேன். ஆபரேஷன் ஆகி, டியூபெல்லாம் எடுத்துட்டாங்க. எழுதிக்குங்க. கை தொண்ணூத்தெட்டு. கால் தொண்ணூத்தேழு."

அவள் இரண்டு எண்களையும் எழுதிக்கொண்டு கேட்டாள்:

"மையைத் துடைச்சிட்டுத்தானே பாத்தாங்க?"