ஏழாம் நம்பருக்கு மட்டும்

மண்ணுக்குள் எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்த இரண்டே வருஷத்தில், செங்கல்லுக்கும் சோப்புக்கட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவன் எல்லாம் அந்த ஊரில் வீடு கட்டி விற்க ஆரம்பித்திருந்தான். நேற்றுவரை லாரி டயர் விற்றவர்தான் இந்த நாற்பது வீட்டுக்கும் முதலாளி. முகப்பில் மாதிரி வீடு ஒன்று மட்டும் பளபளவென்று நின்றது. அதன் சுவரைத் தட்டிப் பார்த்து, சோபாவில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்து, ஜனங்கள் வாயெல்லாம் பல்லாகப் பதிவு செய்துவிட்டுப் போனார்கள். அந்த வீடுகளுக்குப் பைப் போடும் பிளம்பர் அவர்களைப் பார்த்துச் சிரிப்பான். முட்டாளுக்குத் தலையில் கொம்பா முளைத்திருக்கும் என்பான்.

அவனுக்கு உள்விவகாரம் தெரியும். பைப்பை ஒட்டுகிற சொல்யூஷன் பத்து வீட்டுக்கு ஒரு டப்பாதான் தருவார்கள். கழிவு பைப்பு சரிவாக ஓட வாட்டம் பார்க்க நேரம் கிடையாது. குழி எப்படி இருக்கிறதோ அப்படியே பைப்பைப் படுக்க வைத்து, மண்ணைத் தள்ளி, மேலே டைல்ஸ் ஒட்டிவிட வேண்டும். கடைசியில் 'ஆமாஞ்சாமி' என்று பட்டப்பெயர் வாங்கிய இன்ஜினியர் வந்து, கழிவறையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவார். போய்விட்டால் பாஸ். ஒரு வாளித் தண்ணீர் எங்கேதான் போகாது? நாலு பேர் ஒரு மாதம் குடியிருந்தால்தான் சங்கதி தரைக்கு மேலே வரும். அதற்குள் முதலாளி அடுத்த மனைக்குப் போயிருப்பார். "சொன்னதச் செய்யிறவன்பா நான்," என்று பிளம்பர் கையைக் கழுவிக்கொள்வான்.

ஒரு நாள் அந்த முட்டாள் கூட்டத்தில் அவன் தங்கச்சியும் நின்றாள். ஆறு மாத வயிறு. கூடவே எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை. தகரக் கொட்டகையில் மூன்று குடும்பங்களோடு ஒரே கழிவறைக்கு வரிசையில் நின்று அலுத்தவர்கள். கையிருப்பையெல்லாம் கொட்டி ஏழாம் நம்பரை வாங்கிவிட்டார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டா என்ன சொல்லுவீங்க மச்சான்? உங்களத் தவிர உலகமே திருடன்னு சொல்லுவீங்க," என்றார் மாப்பிள்ளை.

தங்கச்சி சிரித்தாள். "நீ போடுற பைப்புதானேண்ணா? எனக்கென்ன பயம்?"

அந்த ஒரு சொல் அவனைச் சும்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை தன் கைக்காசில் மூன்று டப்பா சொல்யூஷன் வாங்கி வந்தான். ரசமட்டம் வைத்து அடிக்கு அடி வாட்டம் பார்த்தான். ஒவ்வொரு இணைப்பையும் துடைத்து, தடவி, காயும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இப்படி ஒரு வேலை செய்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது; அவனுக்கே பெருமையாக இருந்தது. மறுநாள் எட்டாம் நம்பரில் பழைய கதைதான். அதில் அவனுக்கு உறுத்தல் ஒன்றும் இல்லை. ஊரான் வீட்டுக் கழிவு ஊரான் பாடு.

பிறகு அவனை அடுத்த மனைக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் கிழக்கே புது ரோடு வந்தது. முதலாளி விடுவாரா? நுழைவாசலை அந்தப் பக்கம் திருப்பி, மேற்கிலிருந்து எழுதியிருந்த பழைய நம்பர்களை அழித்து, கிழக்கிலிருந்து ஒன்று, இரண்டு என்று எழுதச் சொன்னார். பிளம்பரிடம் யார் சொல்லப் போகிறார்கள்?

சாவி கொடுக்கிற நாளில் வந்தவன், தங்கச்சி வேறு வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்து ஓடினான்.

"இது இல்லம்மா. நம்ம வீடு அந்தக் கோடி!"

"ஏழுன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கே. பத்திரத்துலயும் ஏழுதான்," என்றார் மாப்பிள்ளை.

அந்தக் கோடியில், பழைய ஏழின் வாசலில் ஒரு லாரி டிரைவர் குடும்பம் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. 'குழாயோட தண்ணியும் தருவீங்களா?' என்று மாதிரி வீட்டில் கேட்டு, பிளம்பரை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த அதே டிரைவர். இந்த வீடோ, சொல்யூஷன் தீர்ந்துபோய் அவனே பைப்பை வெறுமனே சொருகிவிட்டுப் போன வீடு.

உள்ளே தங்கச்சி கழிவறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினாள். "பாருண்ணா, சர்ருனு போயிடுச்சு!"

"ஒரு வாளி போகும்மா," என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். "அத எனக்காகப் போட்டே. சரி. இத யாருக்காகப் போட்டே?"



"உலகத்தையே திருடன்னு எண்ணினீங்களே மச்சான்," என்றார் மாப்பிள்ளை, "உங்களையும் சேர்த்து எண்ணியிருக்கலாம்."

பிளம்பர் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தான். நாலாவது டைல்ஸ் உடைந்தபோது, சத்தம் கேட்டு ஆறாம் நம்பர்க்காரி இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். "என்னாச்சு? எங்க வீட்டுலயும் இப்படித்தானா?"

"ஆமாக்கா," என்றாள் தங்கச்சி. "எல்லா வீட்டுக்கும் எங்கண்ணன்தான் போட்டாரு. இத முடிச்சிட்டு உங்க வீட்டுக்கு வருவாரு. மத்தவங்களுக்கும் சொல்லிடுங்க."

அவன் நிமிரவில்லை. வாசலில் செருப்புகள் ஒவ்வொன்றாக வந்து நிற்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.