பின்னால் நின்று பார்த்தால்

பூங்கொத்தைச் சவப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, அட்டையில் இருந்ததை வில்யா உரக்கப் படித்தாள்.

"அப்பாவுக்கு. வில்யா."

அவ்வளவுதான். மற்றவர்கள் நாலு வரி, ஆறு வரி எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். நேற்று முழுக்க உட்கார்ந்தும் இவளுக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வரவில்லை.

"அஞ்சு வருஷம் யுனிவர்சிட்டில படிச்சது இதுக்குத்தானா?" இரண்டாம் வரிசையில் ரெய்யோ சித்தப்பா முணுமுணுத்தார். அவருக்கு முணுமுணுக்க வராது. தேவாலயம் முழுக்கக் கேட்டது.

கடைசியாக வந்தவன் யார்க்கோ. அப்பா தௌனோ வேலை பார்த்த டேட்டா சென்டரின் மேலாளர். அதே நிறுவனத்தின் தம்பெரே நகர அலுவலகத்தில் இருக்கும் வில்யாவுக்கும் அவன்தான் மேலாளர். வெள்ளை மாலையை வைத்து, நாடாவில் அச்சிட்டிருந்ததைப் படித்தான். "நேர்மையாக உழைத்த தௌனோவுக்கு." ஜனவரியில் அந்த நேர்மையான மனிதரை வேலையை விட்டு அனுப்பி, அவருடைய நுழைவு அட்டையைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டவனும் அவன்தான்.

வில்யாவுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. யார்க்கோ மேல் கோபப்படுவது சுலபமாக இருந்தது. அதனால்தான் கோபப்படவும் பிடிக்கவில்லை.

கல்லறையிலிருந்து எல்லாரும் சபைக்கூடத்துக்கு வந்தார்கள். சால்மன் சூப், கம்பு ரொட்டி, அப்புறம் காபி. அம்மா ரௌனி ஒவ்வொரு மேஜையாகப் போய் வெண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஹார்டுவேர் கடை வாசலில், காரைக்கூட அணைக்காமல், ஸ்டியரிங்கில் சாய்ந்து செத்துப்போய் மூன்று வாரம் ஆகிறது. அன்றிலிருந்து அவள் உட்கார்ந்து யாரும் பார்க்கவில்லை.

"பேப்பர் மில்லுல முப்பது வருஷம் மிஷினோட மல்லுக்கட்டினவன்," என்றார் ரெய்யோ, ரொட்டியை மென்றபடி. "ஒரு விரல்கூடப் போகல. கடைசில ஒரு தகரப் பெட்டில எது இடது, எது வலதுன்னு தெரியாமப் பேரக் கெடுத்துக்கிட்டான்."

"ரெய்யோ, சூப்பு ஆறுது," என்றாள் அம்மா.

வில்யா ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

அப்பாவுக்கு இடது வலது தெரியும். அந்தப் பெட்டியின் முன்பக்கம் பதினாறு பிளேடு சர்வர்கள் செருகியிருக்கும். பின்பக்கம் இரண்டே இரண்டு இணைப்பு மாட்யூல்கள். வெளியே போகும் கேபிள்கள் எல்லாம் அந்த இரண்டின் போர்ட்டுகளில்தான் சொருகியிருக்கும். ஒன்று பழுதானாலும் இன்னொன்று பதினாறையும் தாங்கும். ஜனவரியில் அன்று ஒன்று பழுதாகியிருந்தது. அதைக் கழற்றிப் புதிதாக மாட்ட வேண்டும். தம்பெரேயிலிருந்து போனில் வழி சொன்னது வில்யா.

"இடது பக்கத்த உருவுப்பா."

"நான் பின்னால நிக்கிறேம்மா. எந்த இடது?"

"இடதுன்னா இடதுதான்ப்பா."

"இதுல பச்சை எரியுதே. வலதுதான் இருட்டா இருக்கு."

"அந்த விளக்கெல்லாம் சும்மா எரியும். படம் என் கண்ணு முன்னால இருக்கு, எடு நீ."

அவர் எடுத்தார். பதினாறும் ஒரே நேரத்தில் வெளியுலகத்திலிருந்து அறுந்தன. அவசர அழைப்புகள் அவற்றின் வழியாகத்தான் போகும்; நாற்பது நிமிடம் மாவட்டத்தில் ஒரு ஆம்புலன்ஸுக்குக்கூடத் தகவல் போகவில்லை. யாரும் சாகவில்லை, அது அதிர்ஷ்டம். அவள் திரையில் இருந்தது முன்னாலிருந்து பார்த்து வரைந்த படம்.

சாயங்காலம் அப்பா கூப்பிட்டார். "நான்தான் பக்கம் மாத்தி உருவிட்டேன்னு பதிவேட்டுல எழுதிட்டேன். எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டு வருஷம்தான். உனக்கு இப்பத்தான் ஆரம்பம். நீ வாயத் தெறக்காத."

"சரிப்பா," என்றாள் அவள். ஒரு தடவைகூட மறுத்துப் பேசவில்லை. சரிப்பா.

காபி வரும்போது யார்க்கோ ஒரு அட்டைப்பெட்டியோடு வந்தான். "அவரோட லாக்கர்ல இருந்தது. வில்யா, ஒண்ணு சொல்லணும். அந்த விஷயத்த நாங்க யாரும் மனசுல வெச்சுக்கல."

"எந்த விஷயத்த?"

"அதான், வேலைக்கு நடுவுல உன்கிட்ட நாலு நிமிஷம் போன்ல பேசிட்டிருந்தாரே. எதுக்குன்னு கேட்டதுக்கு, ஞாயித்துக்கெழம ஏரிப் பனிக்கட்டியில ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போறதப் பத்திப் பேசினேன், கவனம் சிதறிடுச்சுன்னாரு. அதையும் அறிக்கையில எழுத வேண்டியதாப் போச்சு. பொண்ணுகிட்ட மட்டும் கேக்காதீங்கன்னு கெஞ்சினாரு, அதான் கேக்கல."

"பதிவாயிருக்குமே. போட்டுக் கேட்டீங்களா?"

"அப்பனும் பொண்ணும் பேசினத ஒட்டுக்கேக்கவா? சே."

அப்பா பொய் சொல்லி அவள் பார்த்ததே இல்லை. மீன் பிடிப்பது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது.

பெட்டியில் டார்ச், காது மூடி, ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ். அடியில் லேபிள் அச்சடித்த ஒரு சுருள். நூறு ஒட்டுத்தாளாவது இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே வரி: *பின்னால் நின்று பார்த்தால் இடது.* நுழைவு அட்டையை வாங்கிக்கொள்வதற்குள் இதை அடித்து முடித்திருக்கிறார். ஒன்றைக்கூட ஒட்டவில்லை.

"வில்யா, வந்திருக்கிற அட்டைங்கள நீதான் படிக்கணும்," என்று அத்தை ஒரு கட்டைக் கொடுத்தாள். இரங்கல் அட்டைகளைக் குடும்பத்தில் ஒருவர் எழுந்து நின்று படிக்க வேண்டும். படித்தாள். மில் நண்பர்கள். பக்கத்து வீட்டார். அம்மாவின் சர்ச் பாடகர் குழு. கடைசி அட்டை நிறுவனத்தினுடையது. அதை எடுத்து, பிரிக்காமல் கீழே வைத்தாள்.

"யார்க்கோ, போன் பதிவு தொண்ணூறு நாள்ல அழிஞ்சிரும். இன்னிக்கு அறுபத்தோராம் நாள். நாளைக்கே போட்டுக் கேளுங்க. அதுல மீனப் பத்தி ஒரு வார்த்த கிடையாது. இடது பக்கத்த எடுன்னு சொன்னது நான். பச்சை எரியுதுன்னு அவரு சொன்னாரு. எரியட்டும் எடுன்னு சொன்னது நான்."

யாரோ கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது.

"இங்க வெச்சா பேசறது?" என்றான் யார்க்கோ, தாழ்ந்த குரலில்.

"இங்கதான் சித்தப்பா அப்பாவப் பத்திப் பேசினாரு."

ரெய்யோ வாயில் இருந்ததை மெல்லாமல் வைத்திருந்தார். கழுத்து மட்டும் மெல்லச் சிவந்தது.

வில்யாவுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. லேபிள் சுருள் இன்னும் கையில் இருந்தது. முனை பிரிந்து, பெருவிரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா காபிக் கூஜாவோடு நடுவில் நின்றாள். மகளைப் பார்க்கவில்லை. கூஜாவை மேஜையில் வைத்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாக ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

அடுத்த நாற்காலியில் அம்மாவின் கைப்பை இருந்தது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்த நாற்காலி இப்போது காலியாக இருந்தது.