இடது காலை எடுத்து வைத்து

கால்வினால் உட்கார முடியவில்லை. கிள்ளானில் அந்தக் கடைவீட்டு மாடி ஜிம்மில் நாற்காலிக்குப் பஞ்சமா என்ன? இருந்தும் அந்த நூற்றுப்பத்துக் கிலோ உடம்பு ஜன்னலுக்கும் ரிங்குக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தது. மூன்று வாரத்தில் ஷா ஆலமில் முகமது ரஃபீக்கோடு மறு ஆட்டம். இதிலும் தோற்றால் குத்துச்சண்டைக்கே முழுக்கு. அப்படிச் சொல் என்று எவனும் அவனைக் கேட்கவில்லை. போன தடவை அடி வாங்கிய சூட்டில், மைக்கைப் பிடுங்கி அவனேதான் ஊரறியச் சொல்லித் தொலைத்தான். முப்பத்து நான்கு வயது மனுஷன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா?

"நடந்தது போதும். வா இங்க, இத பாரு," என்று விவியன் போனை நீட்டினாள்.

விவியன் அவன் மனைவி. பயிற்சியாளரும் அவள்தான், கல்யாணத்துக்கு முன்னால் மாநில அணிக்கு ஆடியவள். ஜிம்மில் 'நீ, வா, போ'. வீட்டில் மாமியார் முன்னால் 'நீங்க, வாங்க, சாப்பிடுங்க'. அந்த மரியாதையைக் கேட்டால் கால்வினுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

போனில் ஓடியது பூச்சோங்கில் நடந்த முதல் ஆட்டம். அவன் பார்த்துப் பார்த்துச் சலித்த வீடியோ. ரஃபீக் இடக்கை ஆட்டக்காரன். மற்றவர்கள் இடது காலை முன்னே வைத்து நின்றால் அவன் வலது காலை முன்னே வைப்பான். பின்னால் பதுங்கியிருக்கும் இடது கைதான் இடி. அப்படிப்பட்டவனோடு எப்படி மோதுவது என்று கேட்டால் தே தாரிக் கடையில் டீ குடித்துக்கொண்டிருப்பவன்கூடச் சொல்லுவான்: உன் இடது காலை அவன் வலது காலுக்கு வெளியே வை, அவன் இடது கைக்கு எட்டாமல் உன் இடப்பக்கமாகவே சுற்று, சந்து கிடைத்தால் வலது கையை நேராக விடு. கால்வின் அத்தனையும் செய்தான். செய்தும் மூன்று தடவை விழுந்தான். ஏன் விழுந்தோம் என்று தெரியாததுதான் அவனைத் தூங்கவிடாமல் படுத்தியது.

"மூணு தடவையும் எப்ப விழுறன்னு பாரு. ரெண்டு பேரும் கட்டிப் புடிக்கிறீங்க. ரெஃப்ரி பிரிச்சு வுடுறாரு. 'பாக்ஸ்'னு சொன்னதும் நீ எந்தக் காலை எடுத்து வைக்கிற?"

கால்வின் குனிந்து பார்த்தான். ரெஃப்ரி விலக்கிவிடுகிறார், அவன் கால்கள் இரண்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஆடச் சொன்னதும் வலது கால் முன்னே வருகிறது. அப்புறம்தான் இடது கால் அதைத் தாண்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போகிறது. அந்த ஒரு நொடி நெஞ்சும் முகமும் கதவு திறந்த வீடு. ரஃபீக்கின் இடது கை நேராக உள்ளே வருகிறது. மூன்று தடவையும் அப்படியே.

"அடக் கடவுளே," என்றான் கால்வின்.

"புது வீட்டுக்கா குடி போற? வலது காலை வச்சுக்கிட்டு!"

அது அவன் அம்மா இராஜம்மாவின் கைங்கரியம். பள்ளிக்கூடம், பரீட்சை, பூசை, வேலை, எங்கே போனாலும் வாசலில் நின்று, "வலது காலை எடுத்து வச்சுப் போய்யா," என்பாள். அவன் ஓட்டும் லோரியில் ஓட்டுநர் பக்கமாக ஏற இடது காலை முதலில் வைப்பதுதான் வசதி. ஆனால் அவன் உடம்பை முறுக்கி, வலது காலைத் திணித்துத்தான் ஏறுவான். கூட வேலை செய்பவர்கள் சிரிக்காத நாளில்லை. எதையும் புதிதாகத் தொடங்கினால் வலது கால்தான். ரெஃப்ரி ஆடச் சொன்னாலும் அவன் உடம்புக்கு அது ஒரு புதுத் தொடக்கம்.

"ரஃபீக்கும் நம்ம ஆளுதானே? அவங்க வீட்லயும் அப்படித்தானே சொல்லிக் குடுத்திருப்பாங்க?"

"அவனுக்கு முன்னங்காலே வலது கால்தான் லா. பிரச்சன இல்ல. ஒன் கதைதான் கந்தல்," என்றாள் விவியன். "லோரில கிளட்ச் எந்தக் கால்ல மிதிக்கிற?"

"அது வேற லா."

"என்ன வேற? நானும் வலது காலை வச்சுத்தான் ஒங்க வீட்டுக்குள்ள வந்தேன். என்ன ஆச்சு பாரு!"

அன்றிலிருந்து அவள் விடவில்லை. பிரித்து நிறுத்துவாள், "பாக்ஸ்!" என்று கத்துவாள். யோசித்தால் இடது கால் வந்தது. ஆனால் கை விறைத்துக்கொண்டது. யோசிக்காவிட்டால் வலது கால் வந்தது. ஒரு சாயங்காலம் அவன் கிளவுஸைக் கழற்றி மூலையில் விட்டெறிந்தான்.

"முடியல, விவி. எடது காலை முன்ன வச்சாலே எங்கப்பா ஞாபகம் வருது."

அப்பா அவனுடைய சின்ன வயதில் காப்பார் சாலையில் மழையில் மோட்டார் சைக்கிள் வழுக்கி இறந்தவர். காலையில் அம்மாவோடு ஏதோ சண்டை. கோபத்தில் இடது காலை வைத்து இறங்கிப் போனார், அதனால்தான் திரும்பி வரவில்லை என்று அம்மா துக்க வீட்டிலேயே சொன்னாள். அன்றைக்குத்தான் வலது கால் அந்த வீட்டில் சட்டமானது. அவன் இப்போது சொல்லித்தான் விவியனுக்கு இதெல்லாம் தெரியும். போய்க் கிளவுஸை எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாத. மனசு ஒடைஞ்சு போயிரும்," என்றான்.

ஆனால் மறைத்தால் மறையுமா? நிலைகொள்ளாத மனுஷன் வீட்டு ஹாலிலும் பழக ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த இராஜம்மா, மகன் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் இடது காலை முன்னே முன்னே வைப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா இது வீட்டுக்குள்ள? ஒனக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்லம்மா, எக்சர்சைஸ்."

"எடது காலு எக்சர்சைஸா? ஒங்கப்பன் போனது பத்தலயா?"

விவியன் பொறுத்துப் பார்த்தாள். "அத்த, இத ஒரு தடவ பாருங்க," என்று போனை அவள் கையில் கொடுத்தேவிட்டாள்.

இராஜம்மா மகன் ஆடி ஒரு தடவைகூடப் பார்த்தவள் இல்லை. பெற்ற வயிறு, பார்க்கப் பிடிக்காது. இப்போது நின்றுகொண்டே பார்த்தாள். அவன் வலது காலை எடுத்து வைத்தான், விழுந்தான். எடுத்து வைத்தான், விழுந்தான். மூன்றாவது தடவை வாயில் இரத்தத்தோடு எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

"எல்லாத் தடவையும் வலது காலுதானா?"

"ஆமா அத்த."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். ஆட்ட நாள் வரைக்கும் அவள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆட்டத்தன்று வழியனுப்ப வாசலுக்கும் வரவில்லை. அம்மாவை நோகடித்துவிட்டோமே என்று கால்வின் அவள் அறைக் கதவையே பார்த்தான். வீட்டைவிட்டு இறங்கும்போது வலது கால்தான் இறங்கியது.

ஷா ஆலம் மண்டபம் நிறைந்திருந்தது. முதல் ரவுண்டுகளில் சுற்றிச் சுற்றி நன்றாகவே ஆடினான். இடது கையால் ரஃபீக்கின் முன்கையைத் தட்டித் தட்டி வேலை கொடுத்தான். வலது கையால் விலாவில் இரண்டு நல்ல அடியும் வைத்தான். ஆனால் ரெஃப்ரி பிரித்துவிட்ட ஒவ்வொரு தடவையும் மரம் மாதிரி நின்றான். எந்தக் காலும் வரவில்லை. நிற்கிறவனை அடிப்பது ரஃபீக்குக்குக் கஷ்டமா? ஐந்தாவது ரவுண்டில் பழைய வலது கால் தானாக வந்தது. ரஃபீக்கின் இடது கை இறங்கியது. விழுந்தான்.

எட்டு எண்ணுவதற்குள் எழுந்தான். மறுபடி கட்டிப்பிடித்தார்கள். ரெஃப்ரி நடுவில் கையை விட்டு இருவரையும் விலக்கினார். முடிந்தது என்றே கால்வின் நினைத்தான். இனி லோரி, வீடு, அவ்வளவுதான். அப்போது ஓர் ஓரத்திலிருந்து ஒரு குரல் மண்டபத்தைப் பிளந்தது.

"கால்வின்! எடது காலுடா! எடது காலை எடுத்து வய்யிடா, எம் புள்ள!"

அம்மா! பூசைக்குக் கட்டும் புடவையில், நாற்காலிமேல் ஏறி நிற்கிறாள். யார் காரில் ஏறி வந்தாளோ! அடுத்த நொடியே கால்வினுக்கு உறைத்தது. ரஃபீக்கும் தமிழன் அல்லவா? அவன் காதிலும்தான் விழுந்தது. குரல் வந்த பக்கம் கண்ணை ஓட்டிவிட்டு ரஃபீக் இலேசாகச் சிரித்தான்.

போச்சு, காட்டிக் கொடுத்துவிட்டாள்.

"பாக்ஸ்!"

கால்வின் யோசிக்கவில்லை. யோசிக்க எதுவும் மிச்சமில்லை. அம்மாவே சொல்லிவிட்டாள். இடது கால் போனது, ரஃபீக்கின் வலது காலுக்கு வெளியே, வைக்க வேண்டிய இடத்தில். ரஃபீக்கின் இடது கை எப்போதும் போல நேராகத்தான் வந்தது. வலது காலோடு வந்து நிற்கும் முகத்துக்காக வந்தது. அங்கே முகம் இல்லை. அடி காதை உரசிக்கொண்டு காற்றில் போக, கால்வினின் வலது கை அவன் தாடையில் இறங்கியது. இரண்டாவது அடிக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. ரெஃப்ரி பத்து எண்ணி முடித்தபோது ரஃபீக் ஒரு முழங்காலில்தான் இருந்தான்.

கொஞ்சம் தெளிந்ததும் ரஃபீக் வந்து கட்டிக்கொண்டான்.

"அண்ணே, காதுல நல்லா விழுந்துச்சு ண்ணே. பொய்யின்னு நெனச்சுட்டேன். எந்த அம்மாவாச்சும் பிள்ளைய எடது காலை வைக்கச் சொல்லுவாங்களா? எங்கம்மா கேட்டா செருப்பாலயே அடிப்பாங்க!"

கால்வின் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது.

திரும்பும்போது விவியன் காரை ஓட்டினாள். கால்வின் பின்சீட்டில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மூன்று வாரத்தில் முதல் தடவையாக அவனால் அசையாமல் உட்கார முடிந்தது. இராஜம்மா அவன் வீங்கிய முகத்தைத் தடவிக்கொண்டே வந்தாள்.

"ஏம்மா, அப்பா விஷயம் இருக்கே. எப்படிம்மா எடது காலைச் சொன்ன?"

அவள் முந்தானையால் அவன் வாயோரத்தைத் துடைத்துவிட்டாள்.

"அன்னைக்கு ஒங்கப்பா எறங்குறப்ப நான் குசினில சமைச்சுக்கிட்டு இருந்தேன்டா. கோவத்துல திரும்பியே பாக்கல. அவரு எந்தக் காலை வச்சாரோ, எனக்கு எப்படிடா தெரியும்?"

விவியன் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினாள். கால்வின் அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

வீடு வந்ததும் இராஜம்மா கதவைத் திறந்து, சோறு சுட வைக்க வேண்டும் என்று நேரே குசினிக்குப் போனாள். விவியன் காரிலிருந்து பைகளை இறக்கிக்கொண்டிருந்தாள். கால்வின் வாசற்படியில் கொஞ்சம் நின்றான். பிறகு உள்ளே போனான். எந்தக் காலை முதலில் வைத்தான் என்று ஒருவரும் பார்க்கவில்லை.