நுரை வந்த சீசா

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. சிரிக்க வைக்கிற கதை இல்லை. ஆனால் கேட்டு வைத்துக்கொண்டால் என்றைக்காவது வீட்டுக்கு உதவும்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. காயத்தின் கிருமி ரத்தத்தில் ஏறி, பிரஷர் இறங்கி, சிறுநீரகமும் நுரையீரலும் ஒவ்வொன்றாக நின்றுபோகிற நோயாளிகள் வருகிற வார்டில் டோரதி நர்ஸாக இருந்தாள். அந்த நோய்க்குப் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேல், பாதிப் பேருக்குப் புது மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். சீசா மேல் எண் மட்டும்தான் இருக்கும். யாருக்கு எது என்று டாக்டர் ஆபேலுக்கே தெரியாது.

ஆனால் நர்ஸுகளுக்குள் ஒரு பேச்சு இருந்தது. கலக்கும்போது சில சீசாவில் நுரை வருகிறது, அதுதான் மருந்து என்று.

ஒருநாள் டோரதியின் தம்பி ஆலனைத் தூக்கிவந்தார்கள். ஆம்பூர் தோல் மண்டியில் வேலை. கத்தி பட்ட கையோடு ஒரு வாரம் வேலைக்குப் போயிருக்கிறான். அதே காலையில் வாணியம்பாடி கலீமுல்லாவும் அடுத்த கட்டிலுக்கு வந்தார். இரண்டு வீட்டாரும் சோதனைக்குச் சம்மதித்தார்கள். டோரதி கலக்கினாள். கலீமுல்லாவின் சீசாவில் நுரை பொங்கியது. ஆலனுடையது தெளிந்த தண்ணீராக நின்றது.

வார்டு பேச்சு ஆலன் மனைவி ஃபீபியின் காதுக்கும் வந்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தவள், உள்ளே வந்து டோரதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, மாத்தி மாட்டிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"அவரு சம்சாரமும் வெளியதான் உக்காந்துனு இருக்கா, ஃபீபி."

"இவரு உங்க கூடப் பொறந்தவரு!"

டோரதி எண்படியே மாட்டினாள். மூன்றாம் நாள் ஆலன் போய்விட்டான். கலீமுல்லா பிழைத்து வீட்டுக்கு நடந்து போனார். அதன்பிறகு ஃபீபி நாத்தனாரோடு பேசவே இல்லை. கல்லறைத் திருநாளில்கூட எதிர்ப்பக்கம் நின்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போவாள்.

சில வருஷம் கழித்து அந்தச் சோதனையின் முடிவு வந்தது. டாக்டர் ஆபேல் நர்ஸுகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். டோரதி அடுத்த பஸ்ஸில் ஆம்பூர் போனாள்.

ஃபீபி வீட்டில் அவள் அண்ணன் இவான் டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் தோல் மண்டியில்தான் வேலை. இடது கையில் துணிக்கட்டு.

"இன்னா, வழி தெரிஞ்சிச்சா?" என்றாள் ஃபீபி.

"நுரை வந்தது மருந்துதான், ஃபீபி. ஆனா வாங்கினவங்களும் வாங்காதவங்களும் ஒரே அளவுலதான் பொழச்சாங்க, ஒரே அளவுலதான் செத்தாங்க. வாங்கினவங்களுக்கு ரத்தம் கசியறது மட்டும் ஜாஸ்தி."

"அப்ப மாத்தியிருந்தாலும் அவரு போயிருப்பாரா?"

"ஒரு ஆளைப் பத்தி யாராலயும் சொல்ல முடியாதுன்னாரு டாக்டர். நானும் பொய் சொல்லமாட்டேன்."

"கலீமுல்லா மட்டும் எப்படி எழுந்தாரு?"

"எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். குளிர்ஜுரம் வந்த அன்னைக்கே அவரு சம்சாரம் ஆட்டோல தூக்கிப் போட்டுனு வந்துட்டா. ஆன்டிபயாட்டிக் உடனே ஏறிச்சி. நம்ம ஆலன்..."

"ஒரு வாரம் உப்பு கட்டினு வேலைக்குப் போனாரு" என்று ஃபீபியே முடித்தாள். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க மண்டியில் கல்லுப்பைக் கொட்டி அடுக்குவார்கள். அந்த உப்பையே அள்ளி வெட்டுக்காயத்திலும் வைத்துக் கட்டுவது அங்கே எல்லாருக்கும் பழக்கம்.

இவான் சிரித்தான். "நானும் அதான் கட்டியிருக்கேன். மாசக்கணக்கா தோலே கெடாம கெடக்குது, நான் கெட்டுடுவனா?"

ஃபீபி அவன் கையைப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் சிவந்திருந்தது. தொட்டாள், கொதித்தது.

"அது செத்த தோலுண்ணா. நீ உசுரோட இருக்கிற. எழுந்திரு."

"அட, டீய குடிச்சிட்டு..."

"எழுந்திருன்றேன்!" டம்ளரைப் பிடுங்கி வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டே, முகம் திருப்பாமல் சொன்னாள்: "அண்ணி, அந்தப் பக்கம் பிடிங்க. பெரிய ரோட்டுல ஆட்டோ கெடைக்கும்."

இவான் நான்கு நாளில் வீடு திரும்பினான். அவனுக்குப் புது மருந்து ஒன்றும் போடவில்லை.

கண்ணுகளா, உங்கள் வீட்டில் யார் கை வெட்டுப்பட்டாலும் உடனே பார்க்கிற கண் இருக்கட்டும், எழுப்பி அழைத்துப்போகிற ஆள் இருக்கட்டும். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எல்லாரும் அதே வீட்டுக் கதவு வழியாகத் திரும்பி வரட்டும்.