நாலு விரற்கடை

“எட்டிடுச்சு அண்ணி. விட்டுடுங்க.”

பரிமளா விடவில்லை. கேபிளின் கறுப்பு உறை அவள் விரல்களுக்கு நடுவே விறைத்து நின்றது. அதன் ஒரு முனை, உட்காரும் இடத்துக்கு இடப்பக்கமிருந்த, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் லீவரில் மாட்டியிருந்தது. மறுமுனையை இருக்கைக்குப் பின்னால், எஞ்சினுக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, கொழுந்தன் சதீஷ் இப்போதுதான் கார்பரேட்டர் மூடியில் திருகி முடித்திருந்தான். பழைய கேபிள் அந்த இடத்தில் ஒரு வளைவு வளைந்து வயிறு தொங்கிக் கிடக்கும். புதியது கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று.

“எட்டினா போதுமா? இழுத்துக்கினு நிக்குதே.”

சதீஷ் எழுந்து உட்கார்ந்து பார்த்தான். கேபிளை விரலால் ஒருமுறை சுண்டினான். அது அசையவில்லை. போன மாதம் பழைய கேபிளைக் கழற்றிய கையோடு, அண்ணனுக்குக் கை வைக்கத் தோதாக இல்லையென்று லீவரை நாலு விரற்கடை முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். புதுக் கேபிளைப் பழையதோடு சேர்த்துப் பிடித்து, அதே அளவுக்கு வெட்டியவன் அவன். அது இந்த நிமிஷம்தான் அவனுக்கு உறைக்கிறது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

“அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி” என்றான் மெதுவாக. “சொன்னா இன்னிக்கு ஓட்டத்த நிறுத்திடும். மண்ணுல ஓடத்தானே போவுது. நாளைக்குத் திங்கக்கெழம, நான் வேலூருக்குப் போயி வேற வாங்கியாந்து மாட்டிடறேன்.”

பரிமளா கேபிளை விட்டாள். விரல்களில் கறுப்பு ஒட்டியிருந்தது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் ஆறு வருஷமாக அந்த வண்டி வளர்ந்துகொண்டிருந்தது. அவள் அதை வண்டி என்றுதான் சொல்வாள். அலுமினியக் குழாய்களும் துணி போர்த்திய இறக்கைகளும் மூன்று சக்கரங்களும் கொண்ட, ஒரே ஆள் உட்காரக்கூடிய விமானம். கொசப்பாளையத்தில் விசைத்தறிகளுக்கு உதிரி பாகம் கடைந்து தருகிற அவள் புருஷன் சக்கரவர்த்தி, தபாலில் வரைபடம் வரவழைத்து, பெங்களூரில் ஒரு பழைய எஞ்சினைத் தேடிப் பிடித்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதற்குள்ளேயே கிடந்தான். ஆறு வருஷத்து ஞாயிறுகள். இன்றைக்கு நிறுத்தினால் இன்னொரு ஞாயிறு. அதற்கப்புறம் இன்னொன்று. ஓடி முடித்துத் தொலையட்டும் என்று அவளுக்கு இருந்தது. அதை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்க்கப்போகிறாள்.

குளித்து முடித்து ஈரத் தலையோடு சக்கரவர்த்தி வந்தான். வண்டியின் பின்பக்கத்தைக் கொட்டகைத் தூணோடு கயிற்றால் கட்டினார்கள். அவன் ஏறி உட்கார்ந்ததும் சதீஷ் எஞ்சினைக் கிளப்பினான். தகரங்கள் அதிர்ந்தன. மெதுவாக ஓடும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சக்கரவர்த்தி லீவரை முன்னால் தள்ளினான். ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த எஞ்சின், வேகம் ஏற ஏறத் தன் இடத்திலேயே மெல்லப் பின்னுக்குச் சாய்ந்தது. பரிமளா கேபிளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் இறுகியது. அவன் கை நின்ற பிறகும் சத்தம் ஒரு படி தானாக ஏறியது. லீவரைப் பின்னால் இழுத்தான். சத்தம் அங்கேயே நின்று, யோசித்து, பிறகுதான் இறங்கியது.

அவன் எஞ்சினை அணைத்துவிட்டுத் திரும்பினான்.

“கொஞ்சம் லேட்டா எறங்குதே சதீஷு.”

“புதுக் கேபிளு இல்லண்ணா, இறுக்கமா இருக்குது. ஓட ஓட சரியாயிடும்.”

சக்கரவர்த்தி மனைவியைப் பார்த்தான். எதையும் கேட்பதற்காக அல்ல. சந்தோஷத்தில் சும்மா பார்த்தான். அவள் வாயெடுத்தாள். சதீஷ் குனிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“டிபன் ஆறிப்போவுது” என்றாள்.

டிராக்டரில் வண்டியை ஏற்றிக் கட்டி முடித்தபோது மாமனார் சம்பந்தம் வாசலுக்கு வந்தார். வெய்யிலுக்கு நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். போன ஆடி மாதம் மகனைப் படவேட்டுக்கு அழைத்துப்போய், ரேணுகாம்பாள் சந்நிதியில் கற்பூரத்தின் மேல் கையடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். டெல்லிக்கு எழுதிப் போட்ட மனுவுக்கு அனுமதி வராமல் சக்கரம் மண்ணை விட்டு எழும்பக் கூடாது.

“நெனப்பு இருக்குதா?” என்றார்.

“இருக்குது நைனா. மண்ணுல ஓட்டிப் பாத்துட்டு வந்துடறேன்.”

டிராக்டர் தெரு முனையில் திரும்பியது. பின்னாலேயே நாலைந்து சைக்கிள்கள் போயின.

அது இரண்டாயிரத்து மூன்று, ஆனி மாதம். இரண்டு வருஷமாக மழை இல்லை. ஊருக்கு மேற்கே ஏரி காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, பிறகு மாடுகள் மிதித்துச் சமமாகிக் கிடந்தது. ஓட்டிப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்று சக்கரவர்த்தி சொல்லிக்கொண்டே இருப்பான். கொட்டகையிலிருந்து நேராகப் பார்த்தால் ஒன்றரை மைல்கூட இருக்காது.

பரிமளா அம்மியில் தேங்காய் வைத்து அரைத்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் மாமனார் தறியில் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டு வயது மகள் பானுப்ரியா அவருக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடப் பாடம் எழுதினாள். பதினொரு மணி வாக்கில் மேற்கேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. தூரத்தில் கேட்கும்போது வண்டு போலத்தான் இருந்தது. ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது, இறங்கியது. ஒவ்வொரு முறையும் இறங்குவதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. அவள் குழவியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முன்னறையில் தறிச் சத்தமும் நின்றிருந்தது.

மூன்றாவது முறை ஏறியது. இறங்கவில்லை. மெல்லிசாகிக்கொண்டே மேலே போனது. பரிமளாவின் உதடுகள் எண்ணுவதைப் போல அசைந்தன. பிறகு, கத்தரித்த மாதிரி, சட்டென்று நின்றது.

தெருவில் யாரோ குடத்தை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. தேங்காய் விழுது கையில் காயும்வரை அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சதீஷ் வருவான் என்று நினைத்தாள். வந்தது பக்கத்துத் தெரு பரசுராமன். மொபெட்டை நிறுத்தாமலே கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தான். அவன் சட்டையில் மண்ணாக இருந்தது. மண் மட்டும் இல்லை.

ஆஸ்பத்திரியில் உடலை அறுத்துப் பார்த்துத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத்தான் அனுப்பினார்கள். அதற்குள் ஊர் பேசி முடித்திருந்தது. பறந்துட்டான்யா. ஆறு வருஷமா அடக்கி வெச்சிருந்த ஆசை, தாங்குமா. இருபது முப்பது அடி ஏறிட்டான். பெத்தவனுக்குக் குடுத்த வாக்கு என்ன ஆச்சு. பந்தலுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள், கொஞ்சம் பெருமையாகவும் கொஞ்சம் குறையாகவும் அதையே சொன்னார்கள்.

சம்பந்தம் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. நேற்று மதியத்திலிருந்து அங்கேதான். நடுக்கூடத்தில் கிடத்தியிருந்த மகனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூத்த மகள் லீலா அழுத தொண்டையோடு போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள்.

“வந்து மொகத்தப் பாரு நைனா. நேரமாவுதுன்றாங்க.”

“கையடிச்சிக் குடுத்தான்” என்றார் அவர். “படவேட்டம்மா எதிர்ல. பொய்க் கை. நான் பாக்க மாட்டேன். எடுத்துக்கினு போங்க.”

லீலா திரும்பி வந்து பரிமளாவின் தோளில் சாய்ந்தாள். பரிமளா அழவில்லை. அவள் காதில் காலையில் பரசுராமன் சொன்னது நின்றிருந்தது. ஆறுதலுக்காக அவன் சொன்னது. ஆனால் என்ன சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

“லீவர பின்னாடி இழுத்துக்கினேதான் இருந்தாரு அண்ணி. கரையில இருந்து எனக்கு நல்லாத் தெரிஞ்சிச்சு. சத்தம் கொறையவே இல்ல. சக்கரம் கெளம்பிடுச்சு. எதிர்ல கரை, பனமரம். அத்தத் தாண்டுனதும் சுவிச்ச அணைச்சிட்டாரு. அணைச்சதும் வண்டி மூக்கு கவுந்துடுச்சு. நான் போயித் தூக்கறப்போ வலது கை சுவிச்சு மேலயே இருந்துச்சு. லீவரு கடைசி வரைக்கும் பின்னாடி கெடந்துச்சு.”

பறக்க ஆசைப்பட்டவன் கையா அது. இறங்கப் பாடுபட்ட கை.

வாசலில் சதீஷ் ஈர வேட்டியோடு நின்றிருந்தான். சக்கரவர்த்திக்கு ஆண் பிள்ளை இல்லாததால் நெருப்புச் சட்டி தம்பி கைக்குத்தான் வர வேண்டும். நேற்றிலிருந்து அவன் அவளைப் பார்க்கவில்லை. அவள் இருக்கும் பக்கம் கண்ணைத் திருப்பவே இல்லை. யாரோ கொடுத்த காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். குடிக்கவில்லை.

அவளுக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. சொன்னால் அவன் கெட்டான். சாகும்வரை இந்த ஊரில் அண்ணனைக் கொன்றவன் என்ற பேரோடு இருப்பான். சொல்லாவிட்டால், தகப்பன் வந்து முகம் பார்க்காமலே கூடத்தில் கிடக்கிறவன் போவான். அவள் மகள், அப்பா சத்தியத்தை மீறினவர் என்று கேட்டுக்கேட்டு வளர்வாள். இரண்டுக்கும் நடுவே அவளும் ஒருத்தி, நேற்றுக் காலையில் கேபிளை விரலில் பிடித்திருந்தவள்.

எழுந்தாள். கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு முன்னறைக்குப் போய், தறிக்குப் பக்கத்தில் மாமனாரின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்கு எதிரே அப்படி உட்கார்ந்ததில்லை.

“அவரு பறக்கல மாமா.”

அவர் தறியில் நீட்டியிருந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டி தூக்கிடுச்சு. அவரு எறக்கத்தான் பாத்தாரு. லீவரு பின்னாடி இழுத்திருந்துச்சு. சுவிச்ச அணைச்சிருக்காரு. பரசுராமனக் கேளுங்க.”

“இழுத்தா ஏன் நிக்கல?”

“கேபிளு நீளம் பத்தல. எஞ்சின் சாயறப்ப அதுவே இழுத்துக்கினு போயிடுச்சு. அவரு கைல ஒண்ணும் இல்ல.”

அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார். கண்கள் சிவந்து, காய்ந்து கிடந்தன.

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“நேத்து காலையிலயே தெரியும். கையில புடிச்சிப் பாத்தேன். சொல்லல.” தன் விரல்களைப் பார்த்தாள். “நான்தான் சொல்லல மாமா.”

வாசலில் டம்ளர் தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. சம்பந்தம் தலையைத் திருப்பினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சதீஷ் நின்றிருந்தான். வேட்டி நுனியிலிருந்து நீர் சொட்டியது. கொட்டகையில் எந்தக் கேபிளை யார் மாட்டுவார்கள் என்பது அந்தக் கிழவருக்குத் தெரியாததல்ல. வெகு நேரம் பார்த்தார். சின்ன மகனின் உதடுகள் அசைந்தன.

“நைனா...”

“அரிசி எங்க இருக்குது?” என்றார் அவர், அவனை முடிக்கவிடாமல், லீலாவைப் பார்த்து.

தறியிலிருந்து எழுந்திருக்க அவருக்கு இரண்டு முறை ஆயிற்று. கூடத்துக்குப் போய் மகனின் தலைமாட்டில் மண்டியிட்டார். கட்டுக்கு வெளியே தெரிந்த நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். பேத்தி நகர்ந்து இடம் விட்டாள். வாய்க்கரிசி போட்டார். பிறகு, கையை எடுக்காமலே, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“சட்டிய எடுடா.”

சதீஷ் நகரவில்லை.

“எடுன்றேன். ஒங்க அண்ணனுக்கு நீதான்.”

பறை கிளம்பியது. தெருப் பெண்கள் ஒரே குரலாக அழுதார்கள். பாடை வாசற்படி தாண்டும்போது பரிமளா பார்த்தது சதீஷின் கைகளைத்தான். சட்டியின் உறிக்கயிற்றை முறுக்கிப் பிடித்து, புகை முகத்தில் அடிக்க, கண்ணை மூடாமல் முன்னால் நடந்தான். தெருமுனை வரை ஒரே ஒரு முறை திரும்பினான். அவள் பக்கமா, வீட்டின் பக்கமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆண்கள் போனதும் தெரு வெறிச்சோடியது. லீலா கிணற்றிலிருந்து நீர் இறைத்து இறைத்துக் கொடுக்க, சின்னம்மா என்ற பக்கத்து வீட்டுக்காரி கூடத்தைக் கழுவிவிட்டாள். தண்ணீர் சாமந்தி இதழ்களையும் நெல்லையும் அள்ளிக்கொண்டு படியிறங்கி வாசலுக்கு வந்தது. பானுப்ரியா சுவரோரம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். பரிமளா அவள் தலைக்கு ஒரு புடவையை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பந்தக்கால் அருகே சதீஷ் கழற்றிவிட்டுப் போன ரப்பர் செருப்புகள் கிடந்தன. ஒன்று கவிழ்ந்திருந்தது. தண்ணீர் அதைத் தொட்டு, லேசாகத் தூக்கி, சாக்கடைப் பக்கம் தள்ள ஆரம்பித்தது. அவள் குனிந்து அதை எடுத்தாள். நிமிர்த்தி, மற்றதோடு ஜோடி சேர்த்து, நனையாத மேல்படியில் கொண்டுபோய் வைத்தாள்.