பெண்கள் பக்கத்து டிஸ்க்

கம்பம் ஊரில் நிக்காஹ் வீடியோ என்றால் ஜெய்லானியும் முபீனாவும் சேர்ந்துதான் போவார்கள். ஆண்கள் பக்கம் கணவன், பெண்கள் பக்கம் மனைவி. தான் எடுப்பது அந்நிய ஆண் எவர் கண்ணிலும் படாது என்று வாக்குக் கொடுத்துத்தான் முபீனா கல்யாணங்களைப் பிடித்தாள்.

2009இல் நான்கு ஹார்ட் டிஸ்க் வாங்கி கல்யாணப் படங்களைப் போட்டு வைக்க வீட்டிலேயே ஒரு சர்வர் கட்டினான் ஜெய்லானி. நான்கையும் ஒன்றாகச் சேர்க்கத்தான் அவனுக்கு ஆசை.

"எனக்கு ரெண்டு தனியா வேணும் மச்சான். பாஸ்வேர்டு நான்தான் போடுவேன்."

"என்னய நம்பமாட்டியா?"

"உங்கள நம்புவேன். இங்கன வந்து குந்துற உங்க கூட்டாளிகள நம்பமாட்டேன்."

அவளுடைய இரண்டு டிஸ்கிலும் ஒரே படம் இரண்டு பிரதியாக ஏறியது. ஒன்று போனாலும் மற்றது இருக்கும், இடம்தான் பாதி. அந்தப் பாதியைச் சொல்லிச் சொல்லி அவளைக் கேலி செய்தான். தன்னுடைய இரண்டையும் ஒன்றாக இணைத்து, ஒவ்வொரு படத்தையும் துண்டு போட்டு இதில் பாதி அதில் பாதி எழுத வைத்தான். இடமும் முழுசு, வேகமும் பறந்தது. ஒன்று மண்டையைப் போட்டால் மிச்சப் பாதியை வைத்துக்கொண்டு ஒரு படமும் பார்க்க முடியாதென்று அந்தக் கெட்டிக்காரனுக்குத் தெரியாமலில்லை. புது டிஸ்க்தானே என்று இருந்துவிட்டான்.

ஐப்பசி மழையில் கரண்டு வந்து வந்து போனது. ஒரு காலையில் அவன் டிஸ்க் ஒன்று டக் டக்கென்று அடித்து அடங்கியது. திராட்சைத் தோட்டத்து அப்துல் அஜீஸ் மகள் பாஜிலாவின் நிக்காஹும் அதோடு போயிற்று. கேமரா கேசட்டிலோ அடுத்த கல்யாணத்தை ஏற்றியாயிற்று.

அதற்கு முதல் நாள்தான் அஜீஸ் வந்து சொல்லிப் போயிருந்தார். "அன்னைக்குக் கண்ணு கலங்கி எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா. பிள்ளையும் துபாய் போயிருச்சு. உன் படத்துலதான் பாக்கணும்."

ஜெய்லானிக்குச் சோறு இறங்கவில்லை. "அஜீஸ் மாமு நாளைக்கு வாராக. என்னத்தச் சொல்ல?"

முபீனா திட்டவே இல்லை; அதுதான் அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "அங்கன போய்ச் சுவத்தப் பாத்து உக்காருங்க. திரும்பக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் பாஸ்வேர்டைத் தட்டினாள்.

மறுநாள் அஜீஸ் வந்ததும் ஜெய்லானி ஒளிக்காமல் சொன்னான். "ஆம்பளைங்க பக்கம் எடுத்தது பூராப் போச்சு மாமு. தப்பு எம்மேலதான்."

அவர் முகம் சுருங்கியது. முபீனா கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள். நிக்காஹுக்கு முன் மகளிடம் சம்மதம் கேட்க, சாட்சிகளோடு பெண்கள் பக்கம் வந்து நிற்கிறார் அஜீஸ். மற்றப் பெண்கள் யாரும் தெரியாதபடி வெட்டியிருந்தாள். "சம்மதமாம்மா?" என்று கேட்கும்போதே அவர் குரல் உடைகிறது. பாஜிலா முதலில் கையை நீட்டி அத்தாவின் கண்ணைத் துடைக்கிறாள். பிறகுதான் "சம்மதம் அத்தா" என்கிறாள்.

"அவளா தொடச்சா? நானே தொடச்சேன்னுல்ல நெனச்சிருந்தேன்!" என்றார் அஜீஸ். சிரிப்பும் அழுகையும் அவருக்குச் சேர்ந்தே வந்தன. முபீனாவுக்கும் மனசு நிறைந்துவிட்டது.

மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு எழுந்தார். "இத ரெண்டு சிடியாப் போட்டுக் குடும்மா. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கணும்ல?"

முபீனா கணவனைப் பார்த்தாள். யாரும் சொல்லாமலே ஜெய்லானி சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.